நாள் முழுவதும் உழைப்பவருக்கும் நடை வேண்டுமா?

(அங்கத்தினர் கல்விப் பாடம்)



சில மாதங்களுக்கு முன் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பொதுச்சபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். வரவு செலவு வாசித்து முடிந்தபின், எஞ்சிய நேரத்தில் தேகநலம் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு தலைவர் கேட்டுக்கொண்டார். "நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடப்பது நல்லது" என்று தொடங்கினோம். மேலே பேசுவதற்குள் பின்வரிசையில் முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். "ஐயா, காலையில் தறிக்குழியில் கால் வைத்தால் பொழுது சாயும்போதுதான் எடுக்கிறோம். கையும் காலும் ஓய்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு உடற்பயிற்சி வேண்டும், எங்களுக்கு வேண்டியது ஓய்வு" என்றார். சபையில் பலமான கைதட்டல் எழுந்தது.

கைதட்டியவர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. கேள்வி நியாயமானதே. தோவாளை, அகஸ்தீசுவரம் பகுதிகளிலுள்ள விவசாய அங்கத்தினர்களும் இதையே வேறு சொற்களில் நம்மிடம் கேட்டதுண்டு. "வயலில் படும் பாடு போதாதா?" என்பது அவர்கள் கேள்வி. அன்று சபையில் முழுமையாகச் சொல்ல முடியாத விடையை இப்பாடத்தில் எழுதுகிறோம்.

சங்கத்திற்கு இதில் என்ன அக்கறை?

கூட்டுறவு இன்ஸ்பெக்டர் நூல் இருப்பையும் கடன் நிலுவையையும் பார்ப்பதை விட்டு நடையைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் எண்ணலாம். நிலுவைப் பட்டியலே இப்பாடத்தை எழுதத் தூண்டியது.

தவணை தவறிய அங்கத்தினர்களிடம் காரணம் கேட்பது நம் கடமைகளில் ஒன்று. மழை பொய்த்தது, விலை விழுந்தது, மகள் திருமணம் என்னும் காரணங்களைப் பலகாலமாகக் கேட்டு வருகிறோம். அவற்றோடு இப்போது அடிக்கடி சேர்ந்து வருவது நோய். காய்ச்சலும் பேதியும் போல் வந்து போகும் நோயன்று. சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பாரிசவாதம் என்னும் நீண்டகால நோய்கள்.

ஒரு நெசவாளரின் கணக்கு நம் மனத்தை விட்டு அகலவில்லை. வயது ஐம்பதுக்குள். அவருடைய கூலிப் புத்தகத்தில் வாரம் தவறாமல் துணி ஒப்படைத்த பதிவு பல ஆண்டுகளாக இருந்தது. பிறகு இடைவெளிகள் தோன்றின. பிறகு நான்கு மாதம் ஒரு பதிவும் இல்லை. விசாரித்தபோது அவர் மனைவி சங்கத்துக்கு வந்து விவரம் சொன்னார். மிதிகட்டையில் உராய்ந்து வலது கால் பெருவிரலில் புண் உண்டாயிற்று. வலி தெரியாததால் அவர் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் சர்க்கரை வியாதி இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "சர்க்கரை வியாதி உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு வருவது, தறி மிதிக்கிறவனுக்கு எப்படி வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஐயா" என்று அந்த அம்மாள் கூறியபோது கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிருந்ததையும் கண்டோம்.

அவருக்கு நோய் வந்தது நடை இன்மையால் மட்டுமே என்று நாம் சொல்லவில்லை. பரம்பரைக்கும் உணவுக்கும் அதில் பங்குண்டு. எனினும், "உழைப்பவனுக்கு வராது" என்ற நம்பிக்கை அவரைப் பல ஆண்டுகள் பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுத்தது என்பது மெய்.

இது ஒரு குடும்பத்தின் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 சதவிகிதத்தினருக்குச் சர்க்கரை வியாதி உண்டு, 35.5 சதவிகிதத்தினருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் சர்க்கரை வியாதி 14.4 சதவிகிதம், நமது எல்லைக்கு அப்பாலுள்ள கேரளத்தில் 25.5 சதவிகிதம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்து, இன்றும் அப்பகுதியோடு உணவிலும் பழக்கத்திலும் நெருங்கிய நமது மாவட்டத்தார் இவ்விரண்டு எண்களையும் கவனிக்க வேண்டும். 2022-இல் இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

கொதிப்பும் சர்க்கரையும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. ஆதலின் அவை வந்ததை உணராமலே பல ஆண்டுகள் கழிகின்றன. வட்டி ஏறிக்கொண்டிருக்கும் கடனைப் பற்றி நோட்டீசு வராததால் கடனே இல்லை என்று இருப்பது போன்றது இது.

ஆராய்ச்சிகள் கூறுவது

உழைப்புக்கும் இருதயத்திற்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டிய முதல் ஆராய்ச்சிகளுள் ஒன்று லண்டன் மாநகரப் பேருந்துகளில் நடந்தது. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவர் இரட்டை அடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் முடிவை வெளியிட்டார். இரு சாராரும் ஒரே நிறுவனத்தார். ஒரே வண்டியில் வேலை செய்பவர்கள். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கினார். நடத்துநர்களிடம் மாரடைப்பு குறைவாகவும், வந்தாலும் கடுமை குறைந்ததாகவும் இருந்தது. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரர்களை அலுவலகத்தில் அமர்ந்திருந்த தபால் இலாகா ஊழியர்களோடு ஒப்பிட்டபோதும் இவ்வாறே தெரிந்தது. மாரிஸ் தாமும் தவறாது உடற்பயிற்சி செய்து, 2009-இல் 99-ஆம் வயதில் காலமானார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநரும் சோம்பேறியல்லர். கை திருப்புகிறது, கால் மிதிக்கிறது, மனம் ஒரு கணமும் ஓய்வதில்லை. மாலையில் அவரும் களைத்துத்தான் வீடு திரும்பினார். ஆயினும் அந்தக் களைப்பு அவர் இருதயத்திற்கு உதவவில்லை.

இரண்டாவது ஆராய்ச்சி நம் நாட்டில், நெசவோடு தொடர்புடைய ஓர் ஆலையிலேயே நடந்தது. மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையையும் ஜீன் மேயர் என்பவரும் அவருடைய உடனாளர்களும் ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டனர். கடும் வேலை செய்தவர்கள் நிறைய உண்டார்கள், எடை கூடவில்லை. இலேசான வேலை செய்தவர்கள் குறைவாக உண்டார்கள், எடை கூடவில்லை. ஆனால் அசைவே மிகக் குறைந்தவர்கள் அளவாக உண்ணவில்லை. கடும் வேலைக்காரரைப் போல் உண்டு, எடை கூடியிருந்தார்கள். உழைப்பு குறைந்தால் பசியும் தானே குறைந்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இது காட்டிற்று.

மூன்றாவது அண்மைக்கால ஆராய்ச்சி. டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2021-இல் ஒரு முடிவு வெளியாயிற்று. ஓய்வு நேரத்தில் நடை முதலிய பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைந்தன. வேலையில் மட்டும் மிகுதியாக உடலை வருத்தியவர்களுக்கு அவை குறையவில்லை; சற்றுக் கூடியும் இருந்தன. இதில் வறுமை, புகைப்பழக்கம் போன்ற பிற காரணங்களும் கலந்திருக்கலாம் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எனினும், "வேலை செய்கிறேன், ஆகவே பாதுகாப்பாக இருக்கிறேன்" என்று எவரும் உறுதி கொள்ள இயலாது என்பது தெளிவு.

அப்படியானால் நடத்துநரின் வேலை நன்மை செய்ததும், மற்றவர்களின் வேலை செய்யாததும் எவ்வாறு? வேலை, பயிற்சி என்னும் பெயரில் வேறுபாடு இல்லை. அசைவின் தன்மையில் இருக்கிறது. பெரிய தசைகள் இயங்கி, மூச்சு வேகமெடுத்து, சிறிது நேரத்தில் ஓய்வும் கிடைக்கும் அசைவு இருதயத்தைப் பழக்குகிறது. ஒரே நிலையில் குனிந்தோ அமர்ந்தோ மணிக்கணக்காகச் செய்யும் வேலை தசையையும் முதுகையும் களைப்பிக்கிறது; இருதயத்தைப் பழக்கும் அளவு உயர்வதில்லை. பாரம் தூக்குதல் இரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றுகிறது. இடைவிடாத வேலை அதை இறங்கவும் விடுவதில்லை.

ஆகவே களைப்பை அளவுகோலாகக் கொள்ளலாகாது. மூச்சையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

உண்ட சோறும் மரச்சீனிக்கிழங்கும் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் சேருகின்றன. அதை வாங்கி வைக்கும் பெரிய கிடங்கு நமது தசை. இன்சுலின் என்னும் சுரப்புநீர் கிடங்கின் கதவைத் திறக்கும் சாவி. தசை நீண்டகாலம் சும்மா இருந்தால் சாவிக்குக் கதவு எளிதில் திறப்பதில்லை. சர்க்கரை வாசலில் தேங்குகிறது. தசை வேலை செய்யும்போதோ, இன்சுலினை எதிர்பாராமலும் அது சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பின்னும் ஏறத்தாழ ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை கதவு எளிதில் திறக்கும். அதன்பின் பழைய நிலை திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெகுதூரம் நடந்து வாரம் முழுவதும் சும்மா இருப்பது சர்க்கரைக்குப் போதாமைக்குக் காரணம் இதுவே. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடலாகாது என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்.

இருதயமும் ஒரு தசையே. வேகமாக நடந்து பழகியவரின் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றும். ஆதலால் ஓய்வில் இருக்கும்போது மெல்லத் துடித்தாலே போதும். இரத்தக் குழாய்கள் நெகிழ்ந்து கொடுக்கும். கொதிப்பு உடையவர்களுக்கு ஒழுங்கான நடையால் மேல் அளவு சுமார் 5 முதல் 8 புள்ளி வரை குறைகிறது. சிறிதென்று தோன்றினும் பாரிசவாதத்தைத் தடுப்பதில் இது பெரிய உதவி.

முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு, பயன்படுத்தாத தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது, எலும்பும் வலுவிழக்கிறது. முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு விதை நடுவயதிலேயே ஊன்றப்படுகிறது. உடலசைவு நல்ல உறக்கத்தைத் தருகிறது, மனச்சோர்வைக் குறைக்கிறது, மார்பகப் புற்றுநோயும் பெருங்குடல் புற்றுநோயும் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதும் நிலைநாட்டப்பட்டுள்ளது.

தறிக்காரரின் கணக்கு

இனித் தறிக்கு வருவோம். தறி நெய்தல் சும்மா உட்கார்ந்திருத்தல் அன்று. குமாஸ்தாவைவிட நெசவாளரின் உடல் கூடுதலாக அசைகிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கால் மிதிகட்டையின் எல்லைக்குள்ளேயே அசைகிறது. கை கயிற்றை இழுக்கிறது, பலகையைத் தட்டுகிறது. இடுப்பு இருந்த இடத்தில் இருக்கிறது. நெய்துகொண்டே பாடலாம், பலர் பாடுவதையும் கேட்டிருக்கிறோம். பாட முடிகிறதென்றால் மூச்சு வேகமெடுக்கவில்லை என்பது பொருள்.

நம் முன்னோர்கள் நெய்த காலத்தில் தறிக்கு வெளியேயும் நெசவு இருந்தது. பாவோடும் வேலைக்குத் தெருவின் நீளத்திற்கு எத்தனையோ முறை நடக்க வேண்டும். தெருவில் பாவை விரித்துக் கஞ்சி போட்டுத் தேய்க்கும்போது குடும்பமே முன்னும் பின்னும் நடந்தது. நெய்த துணியைத் தோளில் சுமந்து வடசேரிக்கும் கோட்டாற்றுக்கும் கால்நடையாகப் போனார்கள். இன்று பாவு பெரும்பாலும் இயந்திரத்தில் ஓடி, சுற்றப்பட்டு, ஆயத்தமாக வருகிறது. நூலும் துணியும் மோட்டார் சைக்கிளில் போய் வருகின்றன. இது நல்ல மாறுதலே. பழைய சிரமத்தை மீண்டும் அழைக்க வேண்டும் என்று எவரும் சொல்லார். ஆனால் வேலையிலிருந்து நடை மட்டும் கழன்றுவிட்டது. உட்கார்தல் முழுவதும் தங்கிவிட்டது. இந்தப் பற்றுவரவை நாம் யாரும் சரி பார்க்கவில்லை.

நெசவாளர் செய்ய வேண்டியவை எளியவை. அரைமணிக்கு ஒருமுறை, அல்லது தார் மாற்றும்போது, குழியை விட்டு எழுந்து இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி நிமிர்ந்து, குனிந்த முதுகைப் பின்னோக்கி மெல்ல வளைக்க வேண்டும். குதிகாலை உயர்த்தித் தாழ்த்த வேண்டும். உண்டபின் உடனே தறியில் இறங்காமல் பத்து நிமிடம் நடந்தால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை மட்டுப்படும். இவற்றோடு காலையிலோ மாலையிலோ வேகநடையும் வேண்டும்.

வயற்காரரின் கணக்கு

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்று பொருள். கலப்பையின் பெயரைத் தாங்கிய இந்நாட்டில் இன்று ஏர் பூட்டிய உழவைக் காண்பது அரிது. டிராக்டர் உழுகிறது, அறுவடை இயந்திரம் அறுத்துப் போரடித்துக் கொடுக்கிறது. பேச்சிப்பாறைத் தண்ணீர் வயலுக்கு வந்ததா என்று பார்க்கக் கால்வாய்க் கரையில் நடந்து போனவர், இப்போது வரப்பு வரை வண்டியில் போய் அங்கிருந்தே பார்த்துத் திரும்புகிறார். காய்கறிச் சுமையோடு வடசேரிக் கனகமூலம் சந்தைக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சரக்கு வண்டியை அமர்த்துகிறார்கள்.

மேலும் வயல்வேலை பருவத்து வேலை. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு போகத்திலும் நடவும் அறுப்பும் நடக்கும் சில வாரங்கள் கடும் வேலை. இடைப்பட்ட நாட்களில் மேற்பார்வைதான். மாசியில் கும்பப்பூ அறுத்தபின் அடுத்த உழவு வரை பல வீடுகளில் திண்ணையும் தொலைக்காட்சியுமே துணை. சோற்றின் அளவோ பருவத்திற்கேற்பக் குறைவதில்லை. சணல் ஆலையில் கண்ட கணக்கு இங்கும் பொருந்தும்.

மண்வெட்டி பிடித்துக் கிளைக்கும் நாளில், மூச்சு வாங்க வேலை செய்யும் நாளில், தனி நடை தேவையில்லை. அந்த வேலையே நடைக்கு ஈடு. வேலையற்ற நாளில்தான் நடை கட்டாயம். இதை நினைவில் வைத்தால் விவசாய அங்கத்தினரின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. உரல், அம்மி, கிணற்றுக் கயிறு மூன்றும் வீட்டை விட்டுப் போயின. தோவாளையில் விடியுமுன் பூப்பறிப்பவர்கள் குனிந்து நிற்கிறார்கள். பூத்தொடுப்பவர்கள் மணிக்கணக்காகச் சம்மணமிட்டு இருக்கிறார்கள். நெசவு வீட்டில் தார் சுற்றுபவர்களும் அவ்வாறே. வீட்டுவேலை ஓய்வதில்லை, மூச்சை வேகப்படுத்தும் வேலை குறைந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டிலும் போதிய அசைவு இல்லாதவர்கள் ஆண்களைவிடப் பெண்களிலேயே அதிகம். மனைவி நடக்கப் புறப்படும் அரைமணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்வது கணவனுக்குக் குறைவன்று.

எவ்வளவு? எப்படி?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலசைவு கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாள் நிலைதவறாமைக்கான பயிற்சியும் செய்ய வேண்டும். உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. அதைப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலும் கணக்கில் சேரும். மிதமான வேகம் எது என்றறியக் கருவி வேண்டா. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியலாகாது. அதுவே சரியான வேகம்.

வலுப்பயிற்சிக்கும் செலவில்லை. நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல். சுவரில் கையூன்றித் தள்ளுதல். அரைக்குடம் தண்ணீரைத் தூக்கி இறக்குதல் போதும். முதியோர் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கப் பழகலாம். நம் மாவட்டம் சிலம்பத்திற்கும் அடிமுறைக்கும் பெயர் பெற்றது. ஆசான் கிடைக்கும் ஊர்களில் இளைஞர்கள் அவற்றைக் கற்பது இரட்டைப் பயன்.

இதனால் நம்மவர்க்குப் பலன் உண்டா என்றால், சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆராய்ச்சி விடை சொல்கிறது. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். தனிக் கவனிப்பு இல்லாத பிரிவில் 55 சதவிகிதத்தினருக்கு நோய் வந்தது. நடையும் உணவு ஒழுங்கும் கைக்கொண்ட பிரிவில் 39.3 சதவிகிதத்தினருக்கே வந்தது. மாத்திரை கொடுத்த பிரிவும் ஏறத்தாழ இதே பலனைத்தான் கண்டது. உட்கார்ந்த வேலை செய்வோரை அரைமணி வேகநடை நடக்கச் சொன்னார்கள். கடும் வேலை செய்வோரையும், முன்பே நடந்து அல்லது சைக்கிளில் போய்வருவோரையும் அதையே தொடரச் சொன்னார்கள். நாம் மேலே கூறிய கணக்கும் இதுவே.

சில எச்சரிக்கைகள்

மார்பு வலி, சிறு நடைக்கே மூச்சுத் திணறல், தலைசுற்றல் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ தோன்றினால் உடனே நின்று, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ கொள்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்டதூரம் நடக்கலாகாது. நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே சர்க்கரை உண்ண வேண்டும். அவர்கள் வெறுங்காலுடன் நடக்கவும் கூடாது. நாள்தோறும் பாதத்தைப் பார்க்க வேண்டும். நடக்கத் தொடங்கியதால் மருந்தைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறு. பலகாலம் நடவாதவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டிக்கொள்க.

சங்கம் செய்யத் தக்கவை

தனியாக நடக்கத் தொடங்குபவர் பத்து நாளில் நிறுத்திவிடுவது வழக்கம். நால்வர் சேர்ந்தால் ஒருவர் மற்றவரை எழுப்புவார். கூட்டுறவின் தத்துவமே இதுதான். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் சங்கம் கண்ட முன்னோடிகளுள் நெசவாளர்களும் இருந்தார்கள். தனித்தனியே வாங்க முடியாததைச் சேர்ந்து வாங்கலாம் என்று அவர்கள் கண்டார்கள். அங்கத்தினர் கல்வியும் சமுதாய நலனில் அக்கறையும் இன்று உலகக் கூட்டுறவு இயக்கம் ஒப்புக்கொண்ட கொள்கைகள். ஆதலின் நிர்வாக சபையார் பின்வருவனவற்றை ஆலோசிக்கலாம்.

ஒன்று: நூல் வழங்கும் நாளிலோ கடன் வழங்கும் நாளிலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தாரைக் கேட்டு, ஆண்டுக்கு இருமுறை கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்தல். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் வீட்டு வாசலிலேயே இப்பரிசோதனையைச் செய்ய ஏற்பட்டது. முப்பது வயது கடந்த அங்கத்தினர் ஒருவரும் விடுபடலாகாது.

இரண்டு: தெருவுக்கு ஒரு நடைக்குழு அமைத்தல், பெண்களுக்குத் தனிக்குழு. இடத்திற்குப் பஞ்சமில்லை. குளக்கரைகளும் கால்வாய்க் கரைகளும் கோயில் ரதவீதிகளும் நிறைந்த நாடு நம்முடையது. 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்னும் பெயரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அரசு குறித்ததும் இதற்காகவே. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டமாதலால், மழை நாளில் சங்கக் கட்டடத்தின் தாழ்வாரமோ திருமண மண்டபமோ உதவும்.

மூன்று: தறிக்கூடம் உள்ள சங்கங்களில் மணிக்கு ஒருமுறை மணியடித்து, எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் நிமிர்ந்து நடக்கச் செய்தல். இழக்கும் நேரம் சிறிது; முதுகு வலியால் இழக்கும் நாட்களோடு ஒப்பிட்டுப் பார்க்க.

அறிவுரை சொல்பவன் தன் கணக்கையும் காட்ட வேண்டும். சென்ற ஆண்டு ஒரு சங்கத்தில் இவ்விதப் பரிசோதனை நடந்தபோது, அங்கத்தினர்களை ஊக்குவிக்கும் பொருட்டு நாமும் கையை நீட்டினோம். 146-க்கு 94 என்றார் செவிலியர். வயது நாற்பது ஆகவில்லை. பகலெல்லாம் பேரேடு, போகவரப் பைக் என்னும் வாழ்க்கையின் பலன் அது. அன்றுமுதல் பேருந்து நிறுத்தத்தில் இறங்கிச் சங்கம் வரை நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். மருத்துவர் சொற்படி உப்பையும் குறைத்தோம். ஆறு மாதத்தில் கணக்கு ஒழுங்குக்கு வந்தது.

விரலை இழந்த நெசவாளரைப் பற்றிக் கேட்பீர்கள். புண் முற்றும் ஆறியபின், மருத்துவர் அனுமதியோடு, தகுந்த செருப்பணிந்து மெதுவாக நடக்கத் தொடங்கினார். முன்பு மகன் வண்டியில் கொண்டுவந்த துணியை இப்போது அவரே நடந்து கொண்டுவந்து ஒப்படைக்கிறார். கூலிப் புத்தகத்தில் மீண்டும் வாரந்தோறும் பதிவு விழுகிறது; நிலுவையில் பாதி அடைந்துவிட்டது. சங்கிலி இன்னும் மீளவில்லை. விரல் மீளப் போவதில்லை. பொதுச்சபையில் எழுந்து கேள்வி கேட்ட பெரியவருக்கு நாம் சொல்லும் விடை இதுவே: ஓய்வு உங்களுக்கு வேண்டியதுதான், தறியை விட்டு எழுந்து நடக்கும் அரைமணியே உங்கள் இருதயத்திற்கும் முதுகுக்கும் உரிய ஓய்வு.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. உங்கள் வேலையில் மூச்சு வேகமெடுப்பது நாளில் எத்தனை நிமிடம்? மணி பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து சொல்க.

2. உங்கள் பெற்றோர் நடந்து சென்ற எந்த எந்த இடங்களுக்கு நீங்கள் இப்போது வண்டியில் போகிறீர்கள்? அவற்றுள் நடந்து போகக் கூடியவை எவை?

3. கடைசியாக உங்கள் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கப்பட்டது எப்போது? உங்கள் மனைவிக்கு, அல்லது கணவருக்கு?

4. உங்கள் தெருவில் நடைக்குழு அமைந்தால் எந்த நேரம், எந்த வழி எல்லோருக்கும் ஏற்றது? பெண்களின் வசதியை முதலில் கேட்டு முடிவு செய்க.

5. நோயால் தவணை தவறிய அங்கத்தினருக்கு உங்கள் சங்கம் என்ன செய்யலாம்? நோய் வராமல் தடுக்க என்ன செய்யலாம்? இரண்டில் செலவு குறைந்தது எது?